பார்வையற்றவராக நடிக்க: முதலில் கைத்தடி பழகுங்கள்

‘ரே’ (2004) படத்தில் பார்வையற்ற அமெரிக்கப் பாடகர் ரே சார்ல்ஸாக நடித்த ஜேமி ஃபாக்ஸ், கண்களை மூடும் செயற்கை இமைகளை ஒட்டிக்கொண்டு நாளுக்கு 14 மணி நேரம் வரை எதையும் பார்க்காமல் இருந்தார். தொடக்கத்தில் பீதியில் தவித்தார். நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம். பழகிய வீட்டுக்குள், கூடவே ஓர் ஆளை வைத்துக்கொண்டு, கண்ணைக் கட்டி தினம் 1 மணி நேரம் போதும்.

வெள்ளைத் தடி நெஞ்செலும்பு உயரம் இருக்கட்டும். குட்டையாக இருந்தால் தடை தெரிவதற்குள் கால் இடித்துவிடும். பிடியைத் தொப்புளுக்கு நேரே வைத்து, சுட்டுவிரலைத் தடியோடு நீட்டி, மணிக்கட்டை மட்டும் அசையுங்கள். வீச்சு தோளகலத்தைவிட இரண்டு விரல்கடை கூடுதலாக இருக்க வேண்டும். வலக்கால் முன்னே போகும்போது தடியின் நுனி இடப்பக்கம் தொட வேண்டும். அடுத்து இடக்கால் இறங்கப்போகும் இடத்தை அது முன்கூட்டியே சோதிக்கிறது. புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். தாளம் தவறினால் நின்று, மறுபடி தொடங்குங்கள்.

அடுத்த பெரிய தவறு, கைகளைக் காற்றில் துழாவுவது. தன் வீட்டில் இருப்பவர் அப்படிச் செய்யமாட்டார். டீ கிளாஸை எடுக்க, விரல்களை லேசாக மடக்கி, புறங்கை மேசையை உரச மெதுவாக நகர்த்துங்கள். கிளாஸ் தட்டுப்படும், கவிழாது.

யாராவது வழிநடத்தும் காட்சியில் அவர் உங்களைப் பிடிக்கக் கூடாது. நீங்கள்தான் அவர் முழங்கைக்குச் சற்று மேலே பிடித்து, அரை எட்டு பின்னால் நடக்க வேண்டும்.