வீட்டுக் காப்பீடு: எந்தத் தண்ணீருக்குப் பணம் வரும்?

வீட்டுக்குக் காப்பீடு எடுத்தவர்கள் பலரும், தண்ணீரால் எது கெட்டாலும் பணம் வரும் என்று நம்பி இருக்கிறார்கள், அப்படி இல்லைங்க.

2021 ஏப்ரல் முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் விற்கிற 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசியையே எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளம், புயல் இரண்டும் அதில் உண்டு, தண்ணீர்த் தொட்டியோ குழாயோ வெடித்து அல்லது நிரம்பி வழிந்து வரும் சேதமும் உண்டு. ஆனால் மாதக்கணக்கில் சுவரில் ஊறி, பெயின்ட் உரிந்து, பூஞ்சை பிடிக்கிற கசிவு அந்தப் பட்டியலிலேயே இல்லை. அது பராமரிப்பு, நம் செலவு. அதனால் ஓதம் தெரிந்த உடனே பிளம்பரைக் கூப்பிடுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

கட்டடத்துக்கு எடுத்தால் வீட்டுச் சாமான்களுக்கும் தானாகவே பாதுகாப்பு சேரும், கட்டடத்துக்கு எடுத்த காப்பீட்டுத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை. வீட்டுக்கடனோடு வங்கி சேர்த்துவிட்ட பாலிசி என்றால் எது கட்டடத்துக்கு, எது சாமானுக்கு என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

அப்புறம், குழாய் வெடித்தால் முதலில் மெயின் வால்வை மூடுங்கள், துடைப்பதற்கு முன் போட்டோ எடுங்கள், நிறுவனத்துக்கு உடனே தகவல் சொல்லுங்கள். சேதத்தை மதிப்பிடுகிற சர்வேயர் வந்து பார்க்கும்வரை நனைந்த மெத்தையைத் தூக்கி எறிய வேண்டாம்.