சப்ளை செயின் அறுந்தால் எத்தனை வாரம் தாங்கும்? ஏஐ-க்கு முன் போட வேண்டிய கணக்கு

சரக்குத் தாமதத்தைக் கணிக்கும் ஏஐ மென்பொருள் வாங்குவதற்கு முன்னால் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டைத் திறங்கள். எந்த இழப்பைத் தாங்கலாம், எதைத் தடுக்கப் பணம் போடலாம் என்பது முதலாளி எடுக்க வேண்டிய முடிவு. ஏஐ மாடல் அப்புறம்தான்.

படி 1: வாங்கும் பொருள்களை எழுதுங்கள். விலையை வைத்து வரிசைப்படுத்தாதீர்கள். எது வராவிட்டால் விற்பனை நிற்கும் என்று பாருங்கள். மலிவான ஒரு ரப்பர் வளையம்கூட உற்பத்தியை முடக்கிவிடும். இரண்டு சப்ளையர்கள் இருந்தால், அவர்கள் யாரிடம் வாங்குகிறார்கள் என்றும் கேளுங்கள். இருவருமே ஒரே ஆலையை நம்பியிருக்கலாம்.

படி 2: ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு எண்கள் வேண்டும். சப்ளையர் முடங்கினால் மீண்டுவர எத்தனை வாரம்? கையிருப்பு எத்தனை வாரம் தாங்கும்? மீள 8 வாரம், தாங்குவது 3 வாரம் என்றால் 5 வாரம் ஓட்டை. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் சிம்ச்சி-லெவி ஃபோர்டு நிறுவனத்தில் இந்தக் கணக்கைத்தான் பெரிய அளவில் போட்டுக் காட்டினார்.

படி 3: ஓட்டையை அடைக்கும் வழியைத் தேர்ந்தெடுங்கள். கூடுதல் இருப்பு, மாற்று சப்ளையர், மாற்றுப் பாகம் ஏற்கும் வடிவமைப்பு என மூன்றுக்குமே செலவு உண்டு. 2011 ஜப்பான் நிலநடுக்கத்துக்குப் பிறகு டொயோட்டா, மின்னணுச் சில்லுகளைச் (சிப்) சில மாத அளவுக்கு இருப்பு வைக்கும்படி சப்ளையர்களைக் கேட்டுக்கொண்டது. 2021 தொடக்கத்தில் சில்லுத் தட்டுப்பாட்டால் மற்ற கார் நிறுவனங்கள் திணறியபோது அது தாக்குப்பிடித்தது. ஆனால் அதே ஆண்டு செப்டம்பரில் அதுவும் உற்பத்தியைக் குறைக்க வேண்டியதாயிற்று. எந்த இருப்புக்கும் ஓர் எல்லை உண்டு.

படி 4: சரி, இப்போது ஏஐ. ஓட்டை பெரிதாக உள்ள பொருள்களுக்கு மட்டும் பழைய ஆர்டர் தேதிகளையும் சரக்கு வந்த தேதிகளையும் கொடுத்து, தாமதத்தைக் கணிக்கச் சொல்லுங்கள். கடைசி ஆறு மாதத் தரவை மறைத்துச் சோதியுங்கள். சாதாரண சராசரியைவிட நன்றாகக் கணிக்கவில்லையென்றால் அந்த மாடல் வேண்டாம். 2021 மார்ச்சில் எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாயை ஆறு நாள் அடைத்துக்கொண்டதைப் போன்ற சம்பவத்தைப் பழைய ஆர்டர் தேதிகள் முன்கூட்டிச் சொல்லாது. அதற்குச் செய்திகளையும் கப்பல் நகர்வையும் கண்காணிக்கும் கருவி தனியாக வேண்டும்.

படி 5: எச்சரிக்கை வந்தால் யார் என்ன செய்வது? பலரும் விட்டுவிடும் இடம் இது. 2000-இல் நியூ மெக்சிகோவில் பிலிப்ஸ் சில்லு ஆலையில் தீப்பிடித்தது. அங்கிருந்து சில்லு வாங்கிய கைபேசி நிறுவனங்களான நோக்கியா, எரிக்சன் இரண்டுக்குமே தகவல் போனது. நோக்கியா உடனே மாற்று வழிகளைத் தேடியது. எரிக்சன் தாமதித்துப் பெரும் நஷ்டம் அடைந்தது. ஆகவே ஸ்ப்ரெட்ஷீட்டில் இன்னும் இரண்டு நெடுவரிசைகளைச் (காலம்) சேருங்கள்: பொறுப்பாளர் பெயர், மேலிடத்தைக் கேட்காமல் அவர் செலவிடக்கூடிய தொகை.