வேலையின்மை வீதத்தை ஒழுங்கையில் வைத்து வாசிப்பது எப்படி

முள்ளியவளையில் எங்கள் ஒழுங்கை முடிகிற இடத்தில் ஒரு தேநீர்க் கடை. அங்கே ஒருநாள் ஒரு அண்ணை பேப்பரைப் பார்த்து, "நாட்டில நூறு பேரில ஐஞ்சு பேர்கூட வேலையில்லாமல் இல்லையாம்" என்று வாசிக்க, கடையே சிரித்தது. 2023இல் இலங்கையின் வேலையின்மை வீதம் 4.7 சதவீதம். நான் உயர்தரத்துக்குப் பொருளியல் படிப்பிக்கிறவன். சிரிப்பும் நியாயம்தான், எண்ணும் பொய்யில்லை. எதை எண்ணுகிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் வருடம் முழுக்கச் சுமார் 25,000 வீடுகளுக்குப் போய், 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களைப் பற்றிக் கேட்கிறது. கேள்வி போன கிழமையைப் பற்றியது. கூலிக்கோ லாபத்துக்கோ ஒரு மணித்தியாலம் வேலை செய்திருந்தால் நீங்கள் தொழில் உள்ளவர். வீட்டு வயலில் சம்பளமில்லாமல் நின்ற மாமியும் அப்படித்தான். வேலையில்லாதவர் என்று பதிய, அந்தக் கிழமை வேலை இல்லாமல் இருக்க வேண்டும், கடந்த நான்கு கிழமைக்குள் தேடியிருக்க வேண்டும், கிடைத்தால் போகத் தயாராகவும் இருக்க வேண்டும். தொழில் உள்ளவரும் வேலையில்லாதவரும் சேர்ந்ததுதான் தொழிற்படை. தேடாதவர் அதற்கே வெளியே.

இப்போது எங்கள் ஒழுங்கைக்கு வாருங்கள். 15 வயதுக்கு மேல் 20 பேர் என்று வையுங்கள். சனிக்கிழமை மட்டும் டியூசன் கொடுக்கும் பட்டதாரிப் பிள்ளையோடு சேர்த்து 9 பேருக்குத் தொழில். ஒரு தம்பி தேடித் திரிகிறான். மிச்சம் 10 பேர் மாணவர், வயதானவர், வீட்டைப் பார்க்கும் பெண்கள். தொழிற்படை 10, அதில் வேலையில்லாதவர் 1. வீதம் 10 சதவீதம்.

தம்பி அலுத்துப்போய்த் தேடுவதை விட்டுவிடுகிறான். தொழிற்படை 9, வேலையின்மை பூச்சியம்! ஒருவருக்கும் வேலை கிடைக்கவில்லை. மாறாக, தம்பி தேடிக்கொண்டே இருக்க, கார்மென்ட்சில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு இரண்டு அக்காமார் தேடத் தொடங்கினால், 12 பேரில் 3 பேர், 25 சதவீதம். நம்பிக்கை வந்தும் வீதம் ஏறுகிறது. ஆகவே வேலையின்மை வீதத்தைத் தனியே வாசிக்காதீர்கள். பக்கத்திலேயே தொழிற்படைப் பங்கேற்பு வீதம் இருக்கும்: 15 வயதும் மேலும் உள்ளவர்களில் எத்தனை பேர் தொழிற்படையில் என்பது. முதலில் 20 பேரில் 10 பேர், 50 சதவீதம். தம்பி விலகியதும் 45. நாடு முழுக்கவும் இது பாதியளவில்தான் நிற்கிறது, பெண்களிடம் மூன்றில் ஒரு பங்கு அளவில்.

அப்புறம் பருவம். காலபோக நெல் அறுவடை தை முதல் பங்குனி வரை நடக்கும். அந்தக் காலாண்டை அடுத்த காலாண்டோடு ஒப்பிட்டு "வேலை போச்சு" என்று எழுதுபவர்களை நம்பாதீர்கள். போன வருட அதே காலாண்டோடு ஒப்பிடுங்கள்.

மாவட்ட எண்ணுக்கு ஆண்டறிக்கையைத் திறக்க வேண்டும். முல்லைத்தீவு, மன்னார் போன்ற சிறிய மாவட்டங்களில் கேட்ட வீடுகளும் குறைவு. அட்டவணைக்குக் கீழே எச்சரிக்கைக் குறிப்பு இருந்தால் அரைச் சதவீத மாற்றத்தை வைத்துக் கதை கட்டாதீர்கள். மாவட்ட எண்களைக் கூட்டி வன்னிக்கு ஒரு எண் எடுப்பதென்றால், வன்னித் தேர்தல் மாவட்டத்தில் கிளிநொச்சி இல்லை என்பதையும் பாருங்கள். திணைக்களத்தின் இந்த அளவீடு 1990இல் தொடங்கினாலும் எங்கள் வடக்கு மாவட்டங்களுக்குத் தொடர்ச்சியான எண்கள் 2011இலிருந்துதான்.

அறிக்கையில் எனக்குப் பிடித்த வரி குறைதொழில் பற்றியது: தொழில் இருந்தும் மணித்தியாலம் போதாமல் இன்னும் செய்யத் தயாராக இருப்பவர்கள். எங்கள் டியூசன் பிள்ளையை அங்கேதான் தேட வேண்டும்.

இதையெல்லாம் சொன்னதும் அண்ணை கேட்டார்: "அப்ப என்ர மகன்?" போன கிழமை எங்கேயும் போனானா என்று கேட்டேன். "ஒரு வீட்டுக்கு வயரிங்குக்குக் கூப்பிட்டவங்கள்."

"எவ்வளவு நேரம்?"

"இரண்டு மணித்தியாலம் வரும்."