கரும்பு வெட்டக் கிளம்பும் புதுச் சோடிகளுக்கு

கள்ளக்குறிச்சிப் பக்கம் எங்கள் ஊருக்கு, சர்க்கரை ஆலையில் அரவை தொடங்கும் முன், வெட்டுக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரி வந்துவிடுவார். புதிதாகக் கல்யாணமானவர்கள் கேட்பது, "டன்னுக்கு எவ்வளவு?" 14 வருஷம் வீட்டுக்காரரோடு கத்தி பிடித்தவள் சொல்கிறேன், முதலில் "கூட யார் யார் வர்றாங்க?" என்று கேளுங்கள்.

வெட்டிய கரும்பு கிடந்தால் எடையும் இறங்கும், சர்க்கரையும் இறங்கும். அதனால் ஆலைக்காரர்கள் அவசரப்படுத்துவார்கள். ஒரு லாரிக் கரும்பை ஒரே நாளில் அடியொட்ட வெட்டி, சோகை என்கிற காய்ந்த இலையை உரித்து, கட்டுக் கட்டி, தலைச்சுமையாக ஏற்றுவது இரண்டு பேரால் ஆகாது. பத்துப் பன்னிரண்டு சோடி சேர்ந்து போவது இதற்குத்தான். இதற்கு மட்டும் இல்லை.

ஒரு வருஷம் கூலி கொஞ்சம் கூட என்று தெரியாத ஆட்களோடு போனோம். மூன்றாவது வாரம் என் வீட்டுக்காரர் காலில் கத்தி இறங்கியது, 9 தையல். படுத்திருந்த நாளெல்லாம் சாப்பாட்டுச் செலவு எங்கள் முன்பணக் கடனில் ஏறியது. ஏன் என்று கேட்க எங்களுக்கு ஆள் இல்லை. அடுத்த வருஷம் ஊர்க்காரர்களோடு போனபோது எனக்குக் காய்ச்சல். என் வரிசையை ஆளுக்குக் கொஞ்சமாக வெட்டி முடித்துவிட்டு, ராத்திரி ரசமும் வைத்துக் கொடுத்தார்கள்.

சோடி சேர்க்கும்போது கத்தி பிடிக்காத ஒரு பெரியம்மாவையும் கூட்டிப் போங்கள். குடிசையில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்வார். அவருக்கான கூலியை எல்லோரும் பகிர்ந்து கொடுக்கலாம். பள்ளிக்கூடம் போகிற பிள்ளையை மட்டும் ஊரிலேயே விடுங்கள். நான் விடாமல் கூட்டிப்போய் என் மூத்தவனின் படிப்பைக் கெடுத்தேன்.

ஒவ்வொரு லாரிக்கும் எடைச் சீட்டைப் போனில் படம் எடுங்கள். தேதி, டன், எத்தனை சோடி என்று ஒரு நோட்டில் எழுதி, எல்லோர் முன்னாலும் சத்தமாக வாசியுங்கள். முன்பணமும் அதே நோட்டில். முன்பணத்தில் பாக்கி இருக்கிறது என்று யாரையும் பிடித்து வைக்கக் கூடாது, 1976-லேயே சட்டம் வந்துவிட்டது. கலெக்டரிடம் மனு கொடுக்கலாம். ஆனால் தனிச் சோடியாகப் போய் நின்றால் மேஸ்திரி வாசலிலேயே சமாதானம் பேசித் திருப்பிவிடுவார். மொத்தமாகப் போங்கள்.

அப்புறம் சாமான். முழுக்கைச் சட்டை ஆளுக்கு இரண்டு, பெண்களுக்கும்தான். கரும்பு இலையின் சுணை அப்படி அரிக்கும். தேங்காய் எண்ணெய், சாணைக்கல், ரேஷன் கார்டு. தார்ப்பாயைக் கடைசியாக ஏற்றுங்கள், இறங்கியதும் முதலில் தேடுவது அதைத்தான்.