ஸ்ட்ரைடிங் எட்ஜ்: முதல்முறை பாறை முகடு ஏறுபவர்களுக்கு

இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்ட்டில், 950 மீட்டர் உயர ஹெல்வெலின் மலைக்குக் கிழக்கிலிருந்து ஏறும் ஒடுங்கிய பாறை முகடுதான் ஸ்ட்ரைடிங் எட்ஜ். கயிறு வேண்டாம், ஆனால் சில இடங்களில் கையையும் ஊன்றித்தான் நகர முடியும். இதற்குப் பெயர் ஸ்கிராம்ப்ளிங். 1 முதல் 3 வரையிலான தரத்தில் இது 1, அதாவது எளிது. ஆனால் அது காற்றில்லாத நாளுக்கும் காய்ந்த பாறைக்கும் போட்ட தரம். உறைபனி இருந்தால் கிராம்பானும் (பூட்ஸின் அடியில் மாட்டும் இரும்பு முட்கள்) பனிக்கோடரியும் பழகியவர்களோடு மட்டும் போங்கள்.

1. முந்தைய நாளே மலை உச்சிக்கான வானிலையைப் பாருங்கள். ஊருக்கான வானிலை உதவாது. காற்று மணிக்கு 50 கிலோமீட்டரைத் தாண்டுமென்றால் வேறு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

2. பையில்: 2 லிட்டர் தண்ணீர், மதியச் சாப்பாடு, மழை கோட், கையுறை, கம்பளிக் குல்லா, தலை டார்ச், விசில், திசைகாட்டி, இந்தப் பகுதிக்கான ஓஎல்5 வரைபடம். அடிப்பகுதி விறைப்பான பூட்ஸ் நல்லது. வளையும் ஓட்டப்பந்தய ஷூ சின்ன விளிம்புகளில் நிற்காது.

3. கிளென்ரிடிங் கிராமத்திலிருந்து காலை 8 மணிக்குள் கிளம்புங்கள். சுற்றி வர 6, 7 மணி நேரம் பிடிக்கும். மயர்ஸ் பெக் ஓடையோரம் ஏறினால் ஹோல்-இன்-தி-வால் என்ற இடத்தில் கற்சுவர் வரும். திரும்புவதா, போவதா என்று இங்கேயே முடிவெடுங்கள். நேராக நிற்க முடியாமல் காற்று தள்ளினால் முகட்டில் இன்னும் மோசமாக இருக்கும்.

4. முகட்டில் ஏறுமுன் ஊன்றுகோல்களை மடித்துப் பைக்குள் போடுங்கள். மணிக்கட்டில் தொங்கவிட்டால் பாறையில் மாட்டும். பை வார்களை இறுக்குங்கள். கை, கால் நான்கில் மூன்று எப்போதும் பாறையில் இருக்கட்டும். நான்காவதை மட்டும் நகர்த்துங்கள். பிடியைத் தட்டிப் பாருங்கள், ஆடினால் விட்டுவிடுங்கள். உடலைத் தூக்குவது காலின் வேலை; கையால் இழுத்தால் பத்தே நிமிடத்தில் முன்கை சோர்ந்துவிடும். உச்சிவிளிம்பு பயமாக இருந்தால் வலப்பக்கம் சற்றுக் கீழே பாதை ஓடுகிறது. அதில் போவதில் வெட்கமில்லை.

5. பலர் தடுமாறுவது முகட்டின் கடைசியில். ஒன்றரை, இரண்டு ஆள் உயரத்தில் ஒரு பாறைப் பிளவு. அதில் இறங்க வேண்டும். எத்தனையோ பூட்ஸ் பட்டுப் பிடிகள் வழவழத்துக் கிடக்கின்றன, மழையில் சோப்புக்கட்டிதான். உட்கார்ந்து சறுக்கிவிடலாம் என்று தோன்றும். அப்படிச் செய்தால் பை பின்னால் பாறையில் முட்டி உங்களை வெளியே தள்ளும், பாதம் வைக்கும் இடமும் தெரியாது. பாறையைப் பார்த்துத் திரும்பி, ஏணியில் இறங்குவதுபோல் இறங்குங்கள். இடுப்பைச் சற்று வெளியே தள்ளினால் காலடி தெரியும். கீழே ஒருவர் நின்று “இடது கால் இன்னும் அரையடி கீழே” என்று சொன்னால் பாதிப் பயம் போய்விடும். ஒருவர் இறங்கி முடியும்வரை அடுத்தவர் காத்திருக்கட்டும்.

6. அதன்பின் உச்சிக்கு ஏறும் சரிவில் உதிரிக்கற்கள் அதிகம். ஒருவர் நேர் கீழே ஒருவர் ஏறாதீர்கள். கல் உருண்டால் “கல்!” என்று கத்துங்கள்.

7. உச்சியில் சிலுவை வடிவக் கல்தடுப்பு இருக்கிறது. சாப்பிட அதுதான் இடம். மேகம் மூடியிருந்தால் இங்கேதான் வழி தவறும். நில அளவைத் தூணிலிருந்து வடமேற்காகச் சுமார் 100 மீட்டர் போனால், இறங்க வேண்டிய முகடான ஸ்விரல் எட்ஜ் தொடங்கும் இடத்தில் கற்குவியல் இருக்கும். அந்த முகட்டின் மேற்பகுதி செங்குத்து. அங்கேயும் பாறையைப் பார்த்தே இறங்கி, வலப்பக்கம் ரெட் டார்ன் ஏரிக்குப் போய், ஓடையோரமாகக் கிளென்ரிடிங் திரும்புங்கள்.

யாருக்காவது அடிபட்டால் 999 அழைத்து, போலீஸையும் பிறகு மலை மீட்புக் குழுவையும் கேளுங்கள். சிக்னல் இல்லையென்றால் ஒரு நிமிடத்தில் ஆறு விசில், ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு.