செம்பருத்தியையும் ஆர்க்கிடையும் பிரித்துப் பார்ப்போம்

கடற்பாலத்துக்கு அந்தப் பக்கம், மலேசியாவில், 1960 முதல் செம்பருத்திதான் தேசிய மலர். இந்தப் பக்கம், சிங்கப்பூரில், 1981 முதல் வாண்டா மிஸ் ஜோக்கிம் என்ற ஆர்க்கிட். செம்பருத்தி இருவித்திலைத் தாவரம், ஆர்க்கிட் ஒருவித்திலை. கிட்டத்து உறவே இல்லை. ஆனாலும் இரண்டு பூக்களின் நடுவிலும் ஒரு தூண் நிற்கும். பூக்களைப் பிரித்துப் பார்க்கப் புதிதாகப் பழகுகிறவர்களுக்கு நான் இந்த ஜோடியைச் சொல்வது அந்தத் தூணுக்காகத்தான்.

தேவையானவை: ஒற்றைச் செம்பருத்தி, டென்ட்ரோபியம் ஆர்க்கிட், பிளேடு, பல்குச்சி, கை லென்ஸ். அடுக்குச் செம்பருத்தி வேண்டாம். அதில் மகரந்தத் தாள்கள் (பூவின் ஆண் பாகம்) பலவும் இதழாக மாறியிருக்கும். பூங்காவில் கை வைக்காதீர்கள், அனுமதியில்லாமல் பறிப்பது குற்றம். வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளின் தாழ்வாரத்தில் யாராவது செம்பருத்தி வளர்ப்பார்கள், கேட்டால் தருவார்கள். ஆர்க்கிட் சந்தைப் பூக்கடையில் கொத்தாகவே கிடைக்கும்.

1. இதழ்களை எண்ணுங்கள். செம்பருத்தியில் ஐந்து. ஆர்க்கிடில் ஆறு போலத் தெரியும். பின்வரிசை மூன்றும் நிறம் ஏறிய புல்லி இதழ்கள். முன்வரிசை மூன்றில் ஒன்று மட்டும் உருமாறி, பூச்சி வந்து உட்காரும் உதடாகியிருக்கும்.

2. இப்போது தூண். செம்பருத்தியின் தூணை பிளேடால் நீளவாக்கில் மெல்லக் கீறுங்கள். வெளியே இருப்பது குழல். மகரந்தத் தாள்களின் காம்புகள் ஒட்டி உருவானது. உள்ளே நூல் மாதிரி ஓடுவது சூல் தண்டு, பூவின் பெண் பாகத்தைச் சேர்ந்தது. குழலோடு ஒட்டாததால் தனியே பிரித்துவிடலாம். அதன் உச்சியில்தான் ஐந்து சூல்முடிகள். வெண்டைப் பூவிலும் இதே அமைப்புதான், இரண்டும் ஒரே குடும்பம்.

ஆர்க்கிட் தூணை எப்படிக் கீறினாலும் அப்படிப் பிரியாது. ஆண் பாகமும் பெண் பாகமும் ஒன்றாகவே கலந்து வளர்ந்தவை. நுனியில் ஒரு குட்டி மூடி இருக்கும், பல்குச்சியால் கீழிருந்து மேலே தள்ளுங்கள். மெழுகு போன்ற மஞ்சள் உருண்டைகள் குச்சியில் ஒட்டிக்கொண்டு வரும். அவைதான் மகரந்தம், பொடியாக இல்லாமல் கட்டியாக! சரி, செம்பருத்தியை விரலால் தொடுங்கள். மஞ்சள் தூள் அப்பும், லென்ஸில் மணி மணியாகத் தெரியும்.

3. சூலகம், அதாவது விதைகள் உருவாகும் பகுதி. செம்பருத்தியில் இதழ்களின் அடிக்கு மேலே, புல்லிவட்டத்துக்குள் இருக்கும். குறுக்கே வெட்டினால் ஐந்து அறைகள். ஆர்க்கிடில் பூவை ஒட்டிக் காம்பு போலத் தெரிகிறதே, அந்தப் பகுதிதான் சூலகம். பலரும் அதைக் காம்பென்று கிள்ளி எறிந்துவிடுகிறார்கள்.

4. கடைசியாக இலை. செம்பருத்தியில் வலை நரம்பு, டென்ட்ரோபியத்தில் இணை நரம்பு. கடைக் கொத்தில் இலை இருக்காது, தொட்டிச் செடியில் பார்த்துக்கொள்ளுங்கள்.