ஸ்டூடண்ட்ஸே நடத்துற ரிசர்ச் ஜர்னல்: ஓஜேஎஸ்ல முதல் இதழ் கொண்டு வர்றது எப்படி

யூஜி ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் என்ன ஆகுதுன்னு எல்லாருக்கும் தெரியும். ஒரு செமஸ்டர் ஃபுல்லா அலைஞ்சு டேட்டா எடுத்து எழுதி ஸ்பைரல் பைண்டிங் போட்டுக் குடுப்போம், வைவா முடிஞ்சதும் டிபார்ட்மென்ட் பீரோவுக்குள்ள போயிடும், அதுக்கப்புறம் அத யாரும் தொட மாட்டாங்க. அதுல நெஜமாவே நல்ல வேலை நிறைய இருக்குங்க. அத வெளிய கொண்டு வரத்தான் எங்க காலேஜ்ல ஓஜேஎஸ்ங்கற ஜர்னல் நடத்தற சாஃப்ட்வேர்ல ஒரு ஆன்லைன் ஜர்னல் ஆரம்பிச்சோம். எடிட்டர்ஸ் நாங்க ஸ்டூடண்ட்ஸ், பக்கபலமா லைப்ரரியன் மேடமும் சில ஃபேகல்டியும். இது ஒண்ணும் புது ஐடியா இல்ல, ஹார்வர்ட் லா ரிவ்யூவ 1887ல இருந்து ஸ்டூடண்ட்ஸ்தான் எடிட் பண்றாங்க. யூஜி பேப்பருக்குன்னே நடக்கற ஜர்னல் எப்படி இருக்கும்னு பாக்கணும்னா 2007ல வார்விக் யூனிவர்சிட்டியும் ஆக்ஸ்ஃபோர்ட் ப்ரூக்ஸும் சேந்து தொடங்குன ரீஇன்வென்ஷன் ஜர்னல ஒரு தடவ படிச்சுப் பாருங்க.

ஸ்டெப் 1: லைப்ரரிக்கு போங்க

சாஃப்ட்வேர் அப்புறம். மொதல்ல லைப்ரரியன். ஏன்னா டிகிரி மூணு வருஷம்தான், எடிட்டர் ஆகறதே பெரும்பாலும் செகண்ட் இயர்லதான், அப்ப ஒரு டீம் கையில ஜர்னல் இருக்கறது ரெண்டு வருஷம்கூட வராது. யாரோ ஒருத்தரோட சொந்த ஜிமெயில்ல அட்மின் அக்கவுண்ட் இருந்து, டொமைன் அவரோட கார்டுல வாங்கியிருந்து, அவர் பாஸ் ஆகி வேலைக்குப் போயிட்டா அடுத்த ரினியூவல்ல சைட் போச்சு, அதுல வந்த பேப்பர் எல்லாம் போச்சு. அதனால பொதுவா ஹெல்ப் கேக்காம இத தெளிவா கேளுங்க: காலேஜ் வெப்சைட்டுக்கு கீழ ஒரு சப்டொமைன், லைப்ரரி பேர்ல அட்மின் லாகின், ஜர்னலுக்குன்னு காலேஜ் டொமைன்ல ஒரு பொது இமெயில். இந்த மூணும் லைப்ரரி கையில இருந்தா டீம் மாறினாலும் ஜர்னல் நிக்கும்.

ஸ்டெப் 2: ஃபேகல்டி

அட்வைசரி போர்டுல பிஎச்டி முடிச்சவங்க ரெண்டு பேராவது கண்டிப்பா இருக்கட்டும். பின்னாடி டிஓஏஜேல (இலவசமா படிக்கக் கிடைக்கற ஓபன் ஆக்சஸ் ஜர்னல்களோட பட்டியல்) சேர அப்ளை பண்ணா, ஸ்டூடண்ட்ஸ் நடத்துற ஜர்னலுக்கு அவங்க இத ரூலாவே கேக்கறாங்க. ரிவ்யூ நாங்க செய்யற விதம், ஒரு பேப்பருக்கு ஒரு சீனியர் ஸ்டூடண்ட், கூட ஒரு ஃபேகல்டி. ஸ்டூடண்ட் ரிவ்யூவர் வரி வரியா படிப்பாங்க, மெத்தட்ல ஓட்டை இருந்தா ஃபேகல்டி பிடிப்பாங்க. பேப்பர் எழுதுன ஸ்டூடண்டோட கைடுக்கே ரிவ்யூ அனுப்பாதீங்க. சர்வே, இன்டர்வ்யூ எடுத்த பேப்பர்னா எத்திக்ஸ் அனுமதி, கன்சென்ட் ஃபார்ம் இருக்கான்னு சப்மிஷன் அன்னிக்கே கேட்டுருங்க, ரிவ்யூ முடிஞ்சப்புறம் கேட்டா எல்லாருக்கும் சங்கடம்.

ஸ்டெப் 3: ஓஜேஎஸ்

ஓபன் ஜர்னல் சிஸ்டம்ஸ். கனடாவுல இருக்கற பப்ளிக் நாலெட்ஜ் ப்ராஜெக்ட் பண்ணது, இலவசம். வேர்ட்பிரஸ், கூகுள் சைட்ஸ்ல பண்லாமேன்னு கேப்பீங்க. வேண்டாம். அதுல பக்கம் அழகா வரும், ஆனா எந்த பேப்பர் யார்கிட்ட ரிவ்யூல இருக்கு, யார் என்ன சொன்னாங்கங்கறது எல்லாம் வாட்ஸ்அப்லயும் மெயில்லயும் சிதறிடும். ஓஜேஎஸ்ல சப்மிஷன், ரிவ்யூ, காப்பிஎடிட்டிங், ப்ரொடக்‌ஷன்னு நாலு கட்டம், எல்லா ரெக்கார்டும் ஒரே இடத்துல, அடுத்த டீம் வந்து பாத்தாலும் புரியும். இன்ஸ்டால் பண்றது காலேஜ் சிஸ்டம் அட்மினுக்கு பழக்கமான வேலைதான், பிஹெச்பியும் மைஎஸ்க்யூஎல்லும் இருக்கற சர்வர் போதும். ஒண்ணே ஒண்ணு சொல்லிடுங்க: கான்ஃபிக் ஃபைல்ல வர்ற ஃபைல்ஸ் டைரக்டரி வெப் ஃபோல்டருக்கு வெளிய இருக்கணும். உள்ள இருந்தா இன்னும் பப்ளிஷ் ஆகாத பேப்பர லிங்க் தெரிஞ்ச யார் வேணா டவுன்லோட் பண்ணிடலாம்.

ஸ்டெப் 4: பேர மறைக்கறது

ரிவ்யூவர அசைன் பண்ணும்போது ரெண்டு பக்கமும் பேர் தெரியாத ஆப்ஷன செலக்ட் பண்ணுவீங்க, ஆனா ஃபைலுக்குள்ள இருக்கற பேர ஓஜேஎஸ் அழிக்காது. வேர்ட்ல ஃபைல், இன்ஃபோ, இன்ஸ்பெக்ட் டாக்குமென்ட் போயி பர்சனல் இன்ஃபர்மேஷன் எல்லாத்தையும் ரிமூவ் பண்ணுங்க. லிப்ரேஆஃபீஸ்ல ஃபைல் ப்ராப்பர்டீஸ்ல யூசர் டேட்டா டிக்க எடுத்துட்டு ரீசெட் குடுங்க. அப்புறம் பேப்பரையும் ஒரு தடவ கண்ணால ஓட்டுங்க, ‘எனது நெறியாளருக்கு நன்றி’ன்னு பேரோட ஒரு பத்தி கடைசியில உக்காந்திருக்கும்.

ஸ்டெப் 5: கேலி (Galley)

இங்கதான் எங்க டீம் ரொம்ப நேரம் மண்டைய ஒடைச்சோம், இப்ப மெயில் பண்றவங்க பாதி பேரும் இங்கதான் நிக்கறாங்க. ரிவ்யூ முடிஞ்சு, ஃபைனல் பிடிஎஃப் ரெடி பண்ணி, ப்ரொடக்‌ஷன் கட்டத்துல அப்லோட் பண்ணி, இதழையும் பப்ளிஷ் பண்ணிட்டு சைட்ட போய் பாத்தா தலைப்பு இருக்கு, அப்ஸ்ட்ராக்ட் இருக்கு, பேப்பர் மட்டும் இல்ல. விஷயம் என்னன்னா ‘ப்ரொடக்‌ஷன் ரெடி ஃபைல்ஸ்’ங்கற பொட்டி உள்வேலைக்கு மட்டும், வாசகர் கண்ணுக்கு வராது. வாசகர் க்ளிக் பண்ணிப் படிக்கற ஃபைலுக்குப் பேர்தான் கேலி. பப்ளிகேஷன் டேப்ல கேலீஸ்னு இருக்கும், ஆட் கேலி குடுத்து, லேபிள்ல பிடிஎஃப்னு போட்டு, அதே ஃபைல அங்க திரும்ப ஏத்தணும். அடுத்து ஷெட்யூல் ஃபார் பப்ளிகேஷன் அமுக்கி எந்த இதழ்னு சொல்லணும். அதோடயும் முடியல, இஷ்யூஸ் பக்கத்துல ஃபியூச்சர் இஷ்யூஸ் கீழ அந்த இதழத் தேடி பப்ளிஷ் இஷ்யூ குடுக்கணும், அது வரைக்கும் பேப்பர் ஷெட்யூல்டுன்னே நிக்கும், வெளிய தெரியாது. கேலி, ஷெட்யூல், இஷ்யூ பப்ளிஷ், இந்த வரிசைய பிரிண்ட் எடுத்து சிஸ்டம் பக்கத்துலயே ஒட்டி வைங்க. முடிச்சதும் லாக்அவுட் பண்ணிட்டு வேற ப்ரௌசர்ல திறந்து பாருங்க, எடிட்டர் லாகின்ல பாத்தா வெளிய வராததும் உங்களுக்குத் தெரியும்.

லைசென்ஸ் பத்தி ஒரு வார்த்தை. காப்பிரைட்ட ஸ்டூடண்ட்கிட்டயே விட்டுட்டு சிசி பை 4.0 (எழுதுனவர் பேர சொல்லிட்டு யார் வேணா பயன்படுத்தலாம்ங்கற லைசென்ஸ்) போடுங்க. அவங்க எழுத்து அவங்களுதாவே இருக்கணும், அதுல எனக்கு மாத்துக் கருத்தே இல்ல.

அப்டேட் 1: தமிழ்த்துறை தம்பி ஒருத்தர் கேட்டாரு, அவங்க பேப்பர் கூகுள்ல வரவே இல்லைன்னு. ஃபைல் பாமினிங்கற பழைய தமிழ் ஃபான்ட்ல டைப் பண்ணது. பாக்க தமிழ், ஆனா அடியில இருக்கறது இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியும்தான், தேடுனா எப்படி கிடைக்கும். வாங்கும்போதே யூனிகோடுல கேளுங்க, பழைய ஃபைல்னா என்ஹெச்எம் கன்வெர்ட்டர்ல போட்டு மாத்துங்க, ஒற்றெழுத்து எல்லாம் சரியா வந்திருக்கான்னு ஒரு ஆள் உக்காந்து படிக்கணும். பிடிஎஃப் ஆனதும் ஒரு வரிய காப்பி பண்ணி நோட்பேடுல ஒட்டிப் பாருங்க, தமிழாவே ஒட்டினா கேலியில ஏத்துங்க.

அப்டேட் 2: ஐஎஸ்எஸ்என், அதாவது ஜர்னலுக்குக் குடுக்கற அடையாள நம்பர், எவ்ளோ செலவுன்னு நிறைய பேர் கேக்கறீங்க. இந்தியாவுல அது இலவசம், டெல்லியில நிஸ்பிஆர் (NIScPR) நிறுவனத்துல இருக்கற ஐஎஸ்எஸ்என் தேசிய மையத்துல ஆன்லைன்லயே அப்ளை பண்ணலாம், பணம் குடுத்தா வாங்கித் தர்றோம்னு வர்றவங்களுக்கு ஒரு ரூபா குடுக்காதீங்க. முதல் இதழ் சைட்ல ஏறின பிறகு அப்ளை பண்ணுங்க, ஜர்னல் பேரும் பப்ளிஷர் பேரும் ஃபார்ம்ல எப்படியோ ஹோம்பேஜ்லயும் அட்டையிலயும் அப்படியே எழுத்து மாறாம இருக்கணும். பிரிண்ட்டும் போடறீங்கன்னா அதுக்கு தனி நம்பர். அந்த நம்பர் ஒரு அடையாளம்தான், தரத்துக்கு சர்டிஃபிகேட் கிடையாது, அத உங்க சைட்ல அப்படி விளம்பரம் பண்ணாதீங்க. யூஜிசி கேர் லிஸ்ட்ல, அதாவது யூஜிசி ஏத்துக்கிட்ட ஜர்னல்களோட பட்டியல்ல, சேக்கறது எப்படின்னும் ஒருத்தர் கேட்டிருந்தாரு, அந்த லிஸ்ட்டையே 2025 பிப்ரவரியில யூஜிசி நிறுத்திட்டாங்க.